ஹஃபீலாவின் காருக்குள் போன தண்ணீர்

குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பெண்ணுக்குப் புத்தளம் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றால், முதலில் மணியடிப்பது ஹஃபீலாவின் ஃபோன்தான். ஊரில் ஆண்கள் ஓட்டும் வாகனங்களுக்குப் பஞ்சமில்லை. சந்தியில் ஓட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி "கொஞ்சம் நிப்பாட்டுங்க, வாந்தி வருது" என்று கூச்சமில்லாமல் சொல்லவும், பின்சீட்டில் காலை நீட்டி முனகவும், மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை கொட்டவும் ஹஃபீலாவின் காரில்தான் முடியும். மூன்று வருடமாக அவள் ஓட்டுகிறாள். மூன்று வருடத்தில் அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் பின்னால் ஊரே வாய்க்கு வந்தபடி கதைத்தபோது இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. புருஷன் முஹ்ஸின் டோஹாவில், ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. பதினொரு வருடத்தில் நாலு முறை வந்து போனார். கார் பாதி அவருடைய உழைப்பு, பாதி அவளுடைய நகை. சின்ன ஜப்பான் ஹைபிரிட் கார். பெற்றோலிலும் ஓடும், பற்றரியிலும் ஓடும். அந்தப் பெரிய பற்றரி பின்சீட்டின் அடியில் இருக்கிறது. அதைக் குளிர வைக்கும் காற்றாடிக்கு சீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வலை வைத்த வாய். ஏறுகிற பெண்கள் அதில் பையைச் சாய்த்து வைத்தாலே ஹஃபீலா கண்ணாடியில் பார்த்து, "புள்ள, அத மறைக்காத, அது மூச்சு விடுற எடம்" என்பாள். கடற்கரை ஊரில் காலோடு மணல் வராமல் இருக்காது. அதனால் ஏறும்போது எல்லோரும் செருப்பை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கார் நகராது. மாலையில் சின்னத் தூரிகையை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் கூட்டுவாள். ஈரத் துணி கூடப் பிழிந்துதான் படும்.

இப்படிக் கண்ணும் கருத்துமாய் வைத்திருந்த காரைத்தான் அவளுடைய சொந்த அண்ணன், முஸம்மில் நானா கெடுத்தார். கெடுத்துவிட்டுப் பழியை அவள் தலையிலேயே கட்டினார்.

நானா அவளைவிடப் பத்து வயது மூத்தவர். வெங்காய வியாபாரம், வண்ணாத்திவில்லில் ஒரு கஜு முந்திரித் தோட்டம், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு கதிரை. கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சியை நல்லபடியாகக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருடமாக அவளை அதட்டிக்கொண்டும் இருந்தார். அவள் கார் ஓட்டுவது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். "சாவிய என்ட தா, நான் ஒரு ட்ரைவரப் போட்டு ஓடுறேன், குடும்பத்துக்கு அழகா இரிக்கும்" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். முஹ்ஸினிடமும் மாதத்துக்கு ஒருமுறை ஃபோனில் ஓதிக்கொண்டேயிருந்தார்.

அவருக்குத் தோதாய் வந்து சேர்ந்தது ஒரு நாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கண்டக்குளிப் பக்கம் ஒருத்தியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காற்றுப் பட்டத்தில் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரி ஒருத்தி நடுரோட்டில் நின்று கையை விரித்துக்கொண்டு அழுதாள். அவளோடு திரிந்த நாயை மோட்டார் சைக்கிள் அடித்துப் பின்னங்கால் தொங்கியது. மூன்று ஓட்டோ நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஹஃபீலாவும் முதலில் ஏலாது என்றுதான் சொன்னாள். ஆனால் அந்த மனுஷி அழுத அழுகையில் காலை எடுத்து அக்சிலேட்டரில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. டிக்கியில் கிடந்த, தண்ணீர் புகாத தறப்பாளை இரண்டாய் மடித்துப் பின்சீட்டில் விரித்தாள். நாயையும் வெள்ளைக்காரியையும் ஏற்றிக்கொண்டு புத்தளம் மிருக வைத்தியரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

நாயின் ஈரம் பட்ட பொருளை மார்க்க முறைப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது ஹஃபீலாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தவுடன் தறப்பாளைக் கிணற்றடியில் போட்டு மண்ணும் கலந்து ஏழு தடவை கழுவினாள். சீட்டில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. இருந்தாலும் மனம் கேட்காமல், தானே தைத்துப் போட்ட சீட் உறையையும் கழற்றி அதேபடி கழுவிக் காய வைத்தாள். பக்கத்து வீட்டு றுமானா மதரஸாவில் படிப்பிக்கிறவள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற ஊர் அது. அவள் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "ஈரம் படாத சீட்டுக்கு ஒண்டும் தேவல்ல தாத்தா, நீங்க செஞ்சதே கூடிப்போச்சி" என்றாள். விஷயம் அத்தோடு முடிந்தது. முடிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து முஸம்மில் நானா நேரே அவள் வீட்டுக்கு வந்தார்.

"காருல நாய ஏத்தினியாமே?"

"ஓம் நானா. அடிபட்ட நாய். தறப்பாள் விரிச்சித்தான் ஏத்தின."

"தொழுற மனுசர் ஏறுற வாகனம் அது. நாளைக்கி ராவு என்ட மாமி மக்காவுக்கு உம்ரா போய்ட்டு வந்து எறங்குறா. அவவ எதுல ஏத்திக்கொண்டு வாறது?"

"கழுவிட்டேன் நானா. தறப்பாளையும் கழுவின, உறையையும் கழுவின. ஏழு தரம். மண்ணும் போட்டு."

"நீ கழுவின லெச்சணம் எனக்குத் தெரியும். சாவியத் தா. நான் கட்டுநாயக்க எயாப்போட்டுக்குப் போக முந்திக் காரக் கழுவித்தாறேன்."

இந்த இடத்தில் அவள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அவள் இதைச் சொல்லவேயில்லை என்று அவர் சாதித்தார். அவள் சொன்னாள்: "வெளிய கழுவுங்க. உள்ளுக்குத் தண்ணி அடிக்கக் கூடா நானா. பின்சீட்டுக்குக் கீழதான் பெரிய பற்றரி இரிக்கி." அவர் சொன்னார்: "எனக்குத் தெரியாதா? நீ எனக்கு வாகனம் படிப்பிக்க வாறியா?" சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு மத்தியானம் கார் திரும்பி வந்தது. வெளியே பளபளவென்றிருந்தது. கதவைத் திறந்தால் அத்தர் வாசம் மூக்கைத் துளைத்தது. ஒரு குப்பியை அப்படியே கவிழ்த்திருக்க வேண்டும். கீழே போடும் கால்விரிப்புகள் நாலும் டிக்கியில் சுருண்டு கிடந்தன. ஹஃபீலா செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தாள். கார்ப்பெட் குளிர்ந்தது.

"உள்ளுக்கு ஈரமா இரிக்கி நானா."

"ஏசித் தண்ணி அது. தூரப் பயணம் போன வண்டி. உள்ளுக்கு வெக்குவம் மட்டுந்தான் புடிச்ச."

நானா நாக்குக் கூசாமல் சொன்னார். அவளும் நம்பினாள். சொந்த நானா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர், கார்ப்பெட் ஈரத்துக்காகப் பொய் சொல்லுவார் என்று யார்தான் நினைப்பார்கள்?

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிகளில் உள்பக்கமாக ஈரப் புகை படிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கதவுப் பூட்டுகள் தாமாகவே டக், டக் என்று விழுந்து எழும்பின. அன்றைக்குப் பின்னேரம் கற்பிட்டி பஸார் நடுவில் நிற்கையில் பின்கண்ணாடி ஒன்று தானாக இறங்கிப் பாதியில் நின்றது. "ஜின் கின் ஏறிட்டோ தாத்தா?" என்று மீன்காரர் ஒருவர் பகிடி பண்ணினார். ஹஃபீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் புதன்கிழமை. ஸும்ராவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸும்ராவுக்கு இது தலைப்பிள்ளை. ஒன்பதாம் மாதம், பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளும் அவளுடைய மாமியும் ஏறினார்கள். நுரைச்சோலையைத் தாண்டி, காற்றாடிக் கோபுரங்கள் நிற்கும் நேர் ரோட்டில் கார் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரே நொடியில் டாஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்தன. நடுவில் சிவப்பு முக்கோணம். அக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றுமில்லை. காலுக்கடியில் வெறும் காற்று. பின்னால் வெங்காய லொறி ஹோனை அமுக்கிக்கொண்டே வந்தது. ஹஃபீலா பதறவில்லை. கார் உருளும் வேகம் இருக்கும்போதே ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டோர மணலில் ஏற்றி நிறுத்தினாள். லொறி கண்ணாடியை உரசுகிற கிட்டத்தில் கடந்து போனது. ஸும்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்" என்று அலறினாள். இரண்டு நிமிடத்தில் ஹஃபீலா ஒரு ஓட்டோவை மறித்து, அவளைத் தூக்கி வைத்து, மாமியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஸும்ராவை வாட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஆபத்து ஒன்றும் வரவில்லை.

வேறு யாராவது ஓட்டியிருந்தால் அந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊர் யோசித்திருக்க வேண்டும். ஊர் அப்படியா யோசித்தது?

முஸம்மில் நானா ஊர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். நானா காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் எத்தின தரம் சொன்ன? பிரேக்கையும் அக்சிலேட்டரையும் ஒண்டா மிதிச்சா பற்றரி எரியாம என்ன செய்யும்? இது பொம்பளக்கி ஏலுற வேலையில்ல."

"நானா, நான் அப்பிடி மிதிக்கல்ல."

"புள்ளத்தாச்சிய நடுரோட்டுல எறக்கி வச்சிட்டு வாய் வேற!"

மெக்கானிக் தலையை ஆட்டினான். ஹைபிரிட் காரின் பொனட்டை வாழ்நாளில் திறந்து பார்க்காதவன் அவன். ஆட்டுகிற தலைக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கிறது? பின்னேரத்துக்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஸும்ராவின் புருஷன், "இனி பொம்பள ஓடுற காருல எங்கட ஆக்கள் ஏற மாட்டாங்க" என்று ஃபோனில் சொல்லிவிட்டு வைத்தான். வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்த மூன்று பேர் "வேற வாகனம் கிடைச்சிட்டு தாத்தா" என்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் வேறு வாகனம் கிடைத்த அதிசயத்தைப் பாருங்கள்.

இரவு டோஹாவிலிருந்து முஹ்ஸின் எடுத்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவேயில்லை. அவருக்கு முன்பே சொல்லப்பட்டாயிற்று.

"மச்சான் சொல்றதக் கேளு ஹஃபீலா. நான் லீவுல வரும் வரைக்கும் சாவிய மச்சானுட்ட குடு. அவர் ஆளப் போட்டு ஓடட்டும்."

"கார் ஏன் நிண்டிச்சி எண்டு ஒருத்தரும் பாக்கல்ல. பாக்காம எப்பிடி என்ட பிழையாகும்?"

"ஊரே சொல்லுதே."

"ஊரா கார் ஓடின? சனிக்கிழம வரைக்கும் பொறுங்க. நான் நல்ல எடத்துல காட்டுறேன். என்ட பிழையெண்டா நானே கொண்டுபோய்ச் சாவியக் குடுக்கிறேன்."

முஹ்ஸின் பெருமூச்சு விட்டார். சனிக்கிழமை வரைக்கும் என்று ஒத்துக்கொண்டார். அவளுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.  மூன்று வருடம் ஓட்டிய ஓட்டம், நடுச்சாமத்தில் நோக்காடு வந்தவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் ஒரு மெக்கானிக்கின் தலையாட்டலில் போய்விடுமா?

பாலாவியில் ஹைபிரிட் வயரிங் வேலை தெரிந்த நிஹால் பாஸ் இருந்தார். சிங்களவர், ஆனால் புத்தளத்துத் தமிழை நன்றாகவே கதைப்பார். தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் நங்கி என்பார். சனிக்கிழமை காலையில் ஹஃபீலா காரைக் கட்டியிழுத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் விட்டாள். நானாவுக்குச் சொல்லவில்லை.

நிஹால் பாஸ் ஸ்கேனரைக் குத்திப் பார்த்தார். புருவம் ஏறியது. பின்சீட்டைக் கழற்றினார். முன்பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினார். அதன் அடியில் இருந்த ஸ்பொஞ்சை அவர் கையால் அழுத்தியதும் தண்ணீர் விரல் இடுக்குகளால் வழிந்தது. வயர்கள் வந்து சேரும் சொக்கட்டுகளைத் திறந்தார். உள்ளே செப்பு ஊசிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன.

"யார் நங்கி இதுக்கு இப்பிடித் தண்ணி அடிச்ச? இது சவர்த் தண்ணி, உப்பு. அண்டைக்கே நிக்காது. மெதுவா மெதுவா வயரத் திண்டு, மூணு நாலு நாளையில வேலையக் காட்டும்."

ஹஃபீலா குனிந்து அந்த ஊசிகளைப் பார்த்தாள். "அப்ப, பிரேக்கையும் அக்சிலேட்டரையும் ஒண்டா மிதிச்சா இப்பிடி வராதா பாஸ்?"

நிஹால் பாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யார் சொன்ன அந்த மோட்டுக் கதை?"

அவள் பதில் சொல்லுமுன் அவர் பற்றரியின் காற்றாடியைக் கழற்றி வெளியே எடுத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி சரி, விடு. நிறையப் பேர் தெரியாம அடிக்கிறாங்க. ஆனா நங்கி, இந்த மண் என்னத்துக்கு? யாராவது காருக்குள்ள மண் கரைச்சி ஊத்துவாங்களா?"

காற்றாடியின் இதழ்களில் அப்பியிருந்தது சேறு. சீட்டுக்கடியிலும், பற்றரிப் பெட்டியின் மூடி மேலும், கார்ப்பெட்டின் மடிப்பிலும் அதே சேறு. நல்ல சிவப்பு. குறிஞ்சிப்பிட்டியில் குழி தோண்டினாலும் கிடைப்பது வெள்ளை மணல். செம்மண்ணுக்கு வண்ணாத்திவில்லுக்குத்தான் போக வேண்டும்.

நிஹால் பாஸுக்கு விளங்காத விஷயம் ஹஃபீலாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காருக்குள் மண் கரைத்து ஊற்ற இந்தப் பூமியில் ஒரேயொரு காரணம்தான் இருக்கிறது. அதை ஊற்றக்கூடிய ஆளும் ஒருவர்தான். அவள் ஒரு சொப்பிங் பையைக் கேட்டு வாங்கி, அந்தச் சேற்றைக் கையாலேயே வழித்துப் போட்டுக்கொண்டாள்.  

நேரே நுரைச்சோலைக்கு ஓட்டோ பிடித்துப் போனாள். நானா வழமையாக லொறி கழுவும் சேர்விஸ் ஸ்டேஷனை நடத்துவது ஹமீட். அவளைக் கண்டதும் அவன் வோட்டர் கன்னைக் கீழே போட்டுவிட்டான்.

"தாத்தா, வல்லாஹி நான் மாட்டேனெண்டுதான் சொன்ன. ஹைபிரிட் காருக்கு உள்ளுக்கு அடிக்கக் கூடா எண்டு சொன்ன. அவர் கேக்கல்ல. பைப்ப என்ட கையில இருந்து பறிச்சி அவரேதான் அடிச்ச. தோட்டத்துல இருந்து உரப்பையில மண்ணும் கொண்டந்தீந்தார். கடக்கர மண் சரிவராதாம். முதல் தண்ணில மண்ணக் கரைச்சி ஊத்தினார். பேந்து ரெண்டு, மூணு எண்டு வாய்விட்டு எண்ணி எண்ணி ஏழு வரைக்கும்."

"கார் நிண்டது தெரிஞ்சும் ஏன் ஹமீட் நீங்க சொல்லல்ல?"

ஹமீட் தலையைக் குனிந்தான். "நானாதான் தங்கச்சிட்ட சொல்லிப்போடாத எண்டு சொன்னார்."

ஆக, ஒருவருக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும். தெரியாதவள் அவள் மட்டும். ஊர் முழுக்க ஏச்சு வாங்கியவளும் அவள்தான்.

அஸர் தொழுகை முடிந்த நேரம் அவள் நானாவின் வீட்டுக்குப் போனாள். உம்ரா முடித்து வந்த அவருடைய மாமியார் ஹாஜரா உம்மாவைப் பார்க்கச் சனம் வந்து நிறைந்திருந்தது. தட்டில் பேரீச்சம்பழம், சின்னச் சின்னக் கோப்பையில் ஸம்ஸம் தண்ணீர். முஸம்மில் நானா வெள்ளைத் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்து கட்டுநாயக்கவிலிருந்து வந்த பயணத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார். தங்கச்சியைக் கண்டதும் கையை நீட்டினார்.

"சாவி கொண்டந்தியா?"

ஹஃபீலா மேசையில் கிடந்த பழைய பேப்பரை விரித்து, சொப்பிங் பையைக் கவிழ்த்தாள்.

"இது எந்த ஊர் மண் நானா?"

 பார்த்த எல்லாருக்கும் அது எந்த ஊர் மண் என்று தெரியும். நானாவின் முகம் அந்த மண்ணைவிடச் சிவந்தது.

"இதென்ன விளையாட்டு? வந்தாக்கள் இரிக்கிற எடத்துல..."

"என்ட காரு பற்றரிக்கு மேல இருந்து வழிச்செடுத்த. இன்னும் இரிக்கி. ஏழு தண்ணி அடிச்சிரிக்கீங்க. உள்ளுக்கு அடிக்காதீங்க எண்டு நான் சொன்னனா இல்லியா?"

"நீ சொல்லல்ல."

"சொன்ன!"

"சரி, சொன்னா என்ன? நான் என்ட ஆசைக்கா அடிச்ச? மாமி உம்ரா செஞ்சிட்டு வாற மனுசி. நாய்ட நஜீஸ் பட்ட எடத்துல அவவ எப்பிடி ஏத்துற?"

அதுவரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த ஹாஜரா உம்மா தலையை நிமிர்த்தினார். "என்னச் சாட்டாதீங்க மருமகன். எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அந்தப் பக்கமும் அடைபட்டதும் நானா எழுந்து வந்து ஹஃபீலாவின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். இப்போது அவர் குரலில் தேன் வழிந்தது. "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சி. செலவு எவ்வளவெண்டாலும் நான் பாக்கிறேன். கதைய இத்தோட விடு. ஆக்களுக்கு முன்னுக்கு வேணாம்."

இதைக் கேட்டதும்தான் ஹஃபீலாவுக்கு அடங்கியிருந்த மிச்சக் கோபமும் பொங்கியது. ஆக்களுக்கு முன்னால் வேண்டாமாம்! நடுரோட்டில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் அவள் மானத்தை வாங்கும்போது அந்த ஆக்கள் ஆக்களாகத் தெரியவில்லையா?

"செலவ நீங்கதான் பாக்கப் போறீங்க நானா. கதையையும் நீங்கதான் சொல்லப் போறீங்க." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "தண்ணி அடிச்சது பிழை. தெரியாமச் செஞ்சீங்க எண்டு அத நான் மன்னிச்சிருப்பேன். ஒரு புள்ளத்தாச்சி லொறிக்கு முன்னால சாகப் பாத்த பிறகும், நான்தான் பற்றரிய எரிச்சேன் எண்டு சொன்னீங்களே, அதுக்கு என்ன மசாலா போட்டு மூடப் போறீங்க?"

 சபையில் ஒரு பெண் 'ச்சீ' என்றாள். யாரென்று தெரியவில்லை.

ஹஃபீலா ஃபோனை எடுத்து டோஹாவுக்கு அடித்தாள். முஹ்ஸின் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இவருக்குச் சொல்லுங்க நானா."

முஸம்மில் நானா சுற்றிப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. தொண்டையைச் செருமினார்.

"மச்சான், ஒண்டுமில்ல. காருக்குள்ள கொஞ்சம் தண்ணி போயிரிக்கி. அண்டைக்கிக் கழுவக்குள்ள. அதாலதான் நிண்டிரிக்கி போல. ஹஃபீலாட பிழையெண்டு சொல்ல ஏலா."

அவ்வளவுதான். நாலு நாளாய் ஊரைச் சுற்றிய பழிக்கு, 'கொஞ்சம் தண்ணி போயிரிக்கி' என்று ஒரு வரி. ஹஃபீலா பல்லைக் கடித்துக்கொண்டு டோஹாவின் பதிலுக்குக் காத்திருந்தாள்.  ஸ்பீக்கரில் முஹ்ஸினின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"ஆ, அப்பிடியா மச்சான். பரவால்ல. இனிமேலாவது அவளக் கவனமா ஓடச் சொல்லுங்க."

ஹாஜரா உம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். பேரீச்சம்பழத் தட்டை ஏந்தி நின்ற நானாவின் மனைவி அதை அப்படியே கீழே வைத்துவிட்டாள். ஹஃபீலா ஒரு கதிரையை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கவனமாத்தான் ஓடுறேன். நீங்க கொஞ்சம் கவனமாக் கேளுங்க," என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "நானா, முதல்ல இருந்து இன்னொருக்காச் சொல்லுங்க. ஒண்டும் விடாம" என்றாள்.

முஸம்மில் நானா நின்றபடியே இரண்டாம் தடவை சொன்னார். தங்கச்சி வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னார். ஹமீடின் கையிலிருந்து பைப்பைப் பறித்ததைச் சொன்னார். மண்ணைச் சொன்னார், அத்தரைச் சொன்னார். கடைசியில் யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னார்.

"ரோட்டுல வச்சி நான் கீழ கைய வச்சிப் பாத்த மச்சான். ஈரமா இரிந்திச்சி. தண்ணியாலதான் எண்டு அப்பவே எனக்கு விளங்கிட்டு."

ஹஃபீலாவுக்கு இது புதிது. அவள் நானாவையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஃபோனில் "ஹஃபீலா, லைன்ல இரிக்கிறியா?" என்று முஹ்ஸின் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இரிக்கிறேன். சாவி என்ட கையிலதான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் ஃபோனை வைத்தாள்.